தனகோடி அழித்த கோடு

தனகோடிக்கு எல்லாம் நேராக இருக்க வேண்டும். தலை வகிடு நேர், சட்டை மடிப்பு நேர், மையில் இழுக்கிற கோடு அதைவிட நேர். வடக்குத்துக்காரன். குடும்பத்தின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபின், நெய்வேலி டவுன்ஷிப்பில் டிராயிங் வகுப்பில் சேர்ந்தான். சேர்ந்த புதிதில் அவன் எழுத்தைப் பார்த்த வாத்தியார் ராஜாங்கம், "அச்சுல போட்டாப்பல இருக்குதேடா" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே பயல் ஒரு வருஷம் ஓட்டிவிட்டான்.

அதெல்லாம் சக்கரபாணி வந்து சேரும் வரைக்கும்தான்.

சக்கரபாணி பண்ருட்டிக்காரன். கோடு இழுத்தால் கோணும், மைக்கூட்டைத் தொட்டால் சிந்தும். ஆனால் மனதில் நினைத்ததை அடுத்தவன் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடுவான், பாவி! பால் பூத் வரையச் சொன்னால் வரைந்த காகிதத்தையே வெட்டி மடித்து, மேஜை மேல் குட்டிப் பூத்தாக நிற்க வைப்பான். பூங்காவுக்கு வாசல் வரையச் சொன்னால், மேலே இன்னொரு தாளை ஒட்டி, அதைத் தூக்கினால் கதவு திறந்து உள்ளே மரமெல்லாம் தெரிகிற மாதிரி செய்வான். வகுப்பே கூடிவிடும். வாத்தியாரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கூட்டத்தில் எட்டிப் பார்ப்பார். பக்கத்து மேஜையில் தனகோடியின் நேர்க்கோடுகள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும்.

அவனுக்கு வயிறு பற்றி எரிந்தது. கோணல் கோட்டுக்குக் கொண்டாட்டம், நேர்க்கோட்டுக்கு ஒரு சபாஷ் கூடக் கிடையாதா? இது எந்த ஊர் நியாயம்?

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. மனைவி வீரம்மாள் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஏங்க, ஒங்ககூட படிக்கிற பண்ருட்டிக்காரரு காயிதத்துலயே கதவு தெறக்கிறாராமே? குழாயடியில பேசிகினு இருந்தாங்க" என்றாள்.

"காயிதத்துல கதவு தெறந்து என்னாத்துக்கு? நீ கொழம்ப ஊத்து."

இப்படி இருக்கும்போதுதான் அறுபத்து மூன்றாம் வருஷம் அந்தப் போட்டி வந்தது. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் காயும் பழமும் கொண்டுவந்து வெயிலில் குந்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மார்க்கெட் கொட்டகை கட்ட வேண்டும். வகுப்புப் பையன்கள் ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். யார் யோசனை தேறுகிறதோ அவனுக்கு டிராயிங் ஆபீசில் பெர்மனென்ட் வேலை. மற்றவனெல்லாம் மைன்ஸில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கிற காண்ட்ராக்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான். போன நிலத்துக்குப் பதிலாக நாற்காலி ஒன்று கிடைக்காதா என்று தவம் கிடந்தவன் தனகோடி. இதை விடுவானா?

டிரேசிங் துணியில் மையால் கொட்டகையை வரைந்தான். ஓடு ஓடாக, செங்கல் செங்கலாக. ஒரு இடத்தில் கை நடுங்கியதற்காக முழுவதையும் திரும்பப் போட்டான். 'இதுக்கு மேல ஒருத்தன் என்னா செஞ்சிடுவான்?' என்று நினைத்தான்.

சக்கரபாணி காகிதத்தையே தொடவில்லை. மார்க்கெட் வரப்போகும் செம்மண் திடலில், சுண்ணாம்புத்தூளால் கொட்டகையை நிஜ அளவிலேயே தரையில் போட்டுவிட்டான். மூன்று பக்கம் சுவர், முன்னால் வாசல், நடுவே கடைக் கட்டங்கள். நாளைக் காலையில் பெரிய எஞ்சினியர் வரும்போது காய்க்காரப் பெண்களை அந்தக் கட்டங்களிலேயே உட்காரவைத்துக் காட்டப் போகிறானாம். கோலம் போடுகிற வேலையெல்லாம் டிராயிங்கா? ஆனாலும் ஊரே அங்கேதான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அதில் வீரம்மாளும் ஒருத்தி.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பால் வாங்கப் புறப்பட்ட தனகோடியின் கால், திடல் பக்கம் திரும்பிவிட்டது. ஆள் அரவம் இல்லை. வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று கிடந்தன. கோணல்தான், இருந்தாலும் பார்க்க ஒரு கொட்டகை நிற்கிற மாதிரியே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை. பின்சுவர்க் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செருப்பால் தேய்த்து அழித்தான். முந்திரிக் கிளை ஒன்றை ஒடித்து, தடம் தெரியாமல் பெருக்கியும் விட்டான். சுவரையே மறந்த மடையன் என்று எஞ்சினியர் சக்கரபாணியைத் திட்டட்டும்! அந்த அழிப்பும் நேராகத்தான் இருந்தது. ஊறிப்போன பழக்கம் எங்கே போகும்?

எஞ்சினியர் வந்தார். தனகோடியின் படத்தைப் பார்த்தார். "எழுத்து சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான்.

பிறகு திடல். பெண்கள் கட்டங்களில் குந்திக்கொண்டிருந்தார்கள். பின்கோடு இல்லாததைச் சக்கரபாணி அப்போதுதான் கவனித்தான். முகம் வெளுத்து, சுண்ணாம்பு எடுக்க ஓடினான். தனகோடிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வெகுநேரம் நிற்கவில்லை.

பலாப்பழம் விற்கிற பட்டம்மாள் எழுந்தாள். தன் பழவண்டியை வண்டிக்காரனிடம் பின்பக்கமாகச் சுற்றி ஓட்டிவரச் சொல்லி, தான் குந்தியிருந்த கட்டத்துக்கு நேர் பின்னால் நிறுத்தினாள். இருந்த இடத்திலிருந்தே பழத்தை இறக்கி வைத்தாள்.

"ஐயா, பின்னால செவுரு வேணாங்க. இப்பிடியே வுட்டுருங்க. வாங்குறவங்க முன்னால வரட்டும், சரக்கு பின்னால வரட்டும். கூட்டத்துக்குள்ள தலச்சொமையோட முட்டிகினு கெடக்க வேணாம் பாருங்க" என்றாள். மற்ற பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

எஞ்சினியர் முகம் மலர்ந்தது. "இது யார் யோசனைப்பா?"

சக்கரபாணி பொய் சொல்லத் தெரியாதவன். "செவுரு போட்டிருந்தேன் சார். காத்து அழிச்சிடுச்சு போல."

"காத்துக்கு உன்னைவிட மூளை ஜாஸ்தி" என்று சிரித்தார் அவர். "ஆனா காகிதத்துல போட்டிருந்தா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? தரையில போட்டு, ஆளை உட்காரவச்ச பாரு, அதுக்குத்தான் உனக்கு வேலை."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். இவன் குரங்கு பிடிக்கப் போனான், அது எதிரிக்குப் பிள்ளையாராய் வந்து உட்கார்ந்தது. வாயைத் திறக்க முடியுமா? திறந்தால், கெடுக்க வந்தவன் என்று வகுப்பை விட்டே துரத்துவார்கள். திறக்காவிட்டால் யோசனை காற்றோடு போயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றான் தனகோடி.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு இன்னொன்றும் நடந்தது. "என் கோடு கோணும் சார், சுத்தப் படம் போடத் தனகோடிதான் வேணும்" என்று சக்கரபாணியே கேட்டான். அவன் தயவில்தான் இவனுக்கும் அதே ஆபீசில் நாற்காலி கிடைத்தது. மையைத் தொட்டு, நேர் எழுத்தில், 'யோசனை: சக்கரபாணி' என்று படத்தின் மூலையில் எழுதினான். படத்தில் பின்சுவர் வர வேண்டிய இடத்தில் கோடு போடாமல் விட்டான். அந்த வெற்றிடம் யார் வேலை என்பது அவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

கொட்டகை எழும்பியது. வீரம்மாள் கூடையோடு போய் வரும்போதெல்லாம் அதே பாட்டுத்தான். "பின்பக்கம் தெறந்து வுட்டாரு பாருங்க, அது ஒண்ணு போதும் அவரு மூளைக்கு!" தனகோடி 'க்கும்' என்பான்.

பல வருஷம் பொறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்திரிக்காய்க் குழம்போடு அந்தப் பாட்டும் வந்தபோது, சோற்றுக் கையை உதறினான்.

"அது அவன் மூளையும் இல்ல, காத்தும் இல்ல. நான்! நான்தான் கோட்ட அழிச்சேன். இந்தக் காலால அழிச்சேன்!"

வீரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"ஏங்க, ஒங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்த மனுசங்க அவரு. அவரு செஞ்சதக் கூட ஒங்களுதுன்னு சொல்றீங்களே. பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமா?"