கூரைக்கு மேல் ஒரு கடல்

போன சனிக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில், வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஒரு தப்பு செய்தேன். நல்ல தப்பு! சொல்கிறேன், பிள்ளைகளே.

என் மகள் செல்வி பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரியில் சைக்காலஜி படிக்கிறாள். அதற்குத் துணையாக இன்னொரு பாடமும் எடுக்க வேண்டுமாம். மைனர் என்கிறார்கள். அன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் போனிலேயே ஃபார்ம் அனுப்ப வேண்டும். அப்பாவின் போனுக்கு ஓடிபி வரும். அந்த நம்பரைப் போட்டால்தான் ஃபார்ம் போகும்.

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஓடிபி என் கையில் அல்லவா... விடுவேனா?

"கம்ப்யூட்டர் போடு. நம்பர் தரேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.

"ஓவியம் எடுத்துக்கறேன் பா."

"படம் வரையறதுக்கு காலேஜா?"

அன்றைக்கு என் வேனுக்குச் செங்கல்பட்டிலிருந்து டூரிஸ்ட் சவாரி. அவளும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ வழியெல்லாம் ஒரே கனவு. அவள் கழுத்தில் அடையாள அட்டை. எங்கள் தெரு முனையில் ஏசி போட்ட கம்பெனி பஸ், அவளுக்காகவே நிற்கிறது...

சவாரி வந்தவர்கள் சிற்பம் பார்க்க இறங்கிப் போனார்கள். கடல் தெரியும்படி வேனை நிறுத்தினேன். உப்புக் காற்று. தூரத்தில் கல் கொத்தும் சத்தம், டக்... டக்... கண் தானாகச் சொருகியது.

அப்போதுதான் அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கடப்பாக்கம் பக்கம் ஒரு ஸ்கூலுக்கு காலேஜ்ல எங்களைக் கூட்டினு போனாங்க பா. அங்க ஒரு பாப்பா, நாலு நாளா யார்கிட்டயும் பேசல. நானும் பக்கத்துல உக்காந்து சும்மா வரைஞ்சினு இருந்தேன். அஞ்சாவது நாள் என் கிரேயானைப் புடுங்கி ஒரு வூடு வரைஞ்சா. கூரைக்கு மேல கடலைப் போட்டா."

"கூரை மேல எப்டிம்மா கடல் கீது?"

"புயல் அப்போ அவளுக்கு அப்டித்தான் தெரிஞ்சிதாம். அதைச் சொல்லத்தான் வாயவே தொறந்தா. வார்த்தை வராத புள்ளைங்ககிட்ட நான் வேற எதால பேசுறது, சொல்லு?"

நான் கடலைப் பார்த்தேன். ஓர் அலை எழும்பி, எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேல் ஓசையே இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. கீழே ஒரு சின்னப் பிள்ளை அண்ணாந்து பார்க்கிறது. அதற்குச் செல்வியின் முகம். எத்தனை நேரம் அப்படியே போனதோ!

போன் டிங் என்றது. ஏதோ நம்பர். அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வரும் நாள். கேஸ்காரர் கேட்கும் நம்பர் வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தாள் என் மனைவி. பாதி மயக்கத்திலேயே போனில் அவளைக் கூப்பிட்டு, ஆறு எண்களையும் உரக்கச் சொன்னேன். "எழுதிக்கினியா?" என்று இரண்டாம் தடவை வேறு!

திரும்பினால், செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

"பா, அது கேஸ் நம்பர் இல்ல, என் ஃபார்ம் நம்பர். டைம் ஆகுது, உன்னைக் கேட்டுக்கலாம்னு நம்பரை வர வெச்சேன். நீயே சத்தமா சொல்லிட்ட. போட்டுட்டேன்... இன்னும் அழுத்தல."

திரையில் 'ஓவியம்' என்று இருந்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"அழுத்தியிருந்தா எனக்குத் தெரியவே தெரியாதே?"

"உன்னை ஏமாத்தின மாதிரி ஆயிடும் பா. நீ சொல்லு."

அந்தக் கம்பெனி பஸ் இன்னும் தெரு முனையில்தான் நின்றது. என்ன பளபளப்பு! ஆனால் அதில் ஏற வேண்டியவளோ இங்கே விரலைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தையே பார்க்கிறாள். கனவு கண்டவன் நான் — ஏற வேண்டியது மட்டும் அவளா?

"அழுத்தும்மா" என்றேன்.

பிள்ளைகளே, உங்கள் அப்பா அடம்பிடித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கண்ணில் ஒரு பஸ் நிற்கும். நீங்கள் பார்த்த கடலைக் கொஞ்சம் காட்டுங்கள்.

வீடு திரும்பினால், வாசலிலேயே என் மனைவி.

"இன்னா நம்பர்யா குடுத்த? தப்புன்னு சொல்லி சிலிண்டரைத் தூக்கினு போயிட்டாரு!"

மகளுக்கு ஓவியம் கிடைத்த நாளில், எங்களுக்கு ஓட்டல் இட்லி.