சங்கிலிக்கு மேலே ஓடிய ஜீப்

14.06.1989 – ரூ. 1,12,400
21.02.1997 – ரூ. 11,350
03.05.2001 – ரூ. 58,000
17.11.2008 – ரூ. 9,275
30.04.2016 – ரூ. 46,800
05.05.2024 – ரூ. 1,140

முதல் தொகைக்குக் கிராம்புத் தோட்டத்து முதலாளி ஜீப்பை வாங்கினார். மூன்றாவது தொகைக்கு அதை அவரிடமிருந்து உச்சிமாகாளி வாங்கினார். மற்றவற்றில் இரண்டு, என்ஜினைப் பிரித்துப் போட்டதற்கு. ஒன்று கியர்பெட்டிக்கு. கடைசித் தொகை பெயின்ட்டுக்கும் உப்புத்தாளுக்கும். வம்பு வந்தது அதில்தான்.

உச்சிமாகாளி குத்துக்கல்வலசையில் 1961-ல் பிறந்தவர். அண்ணன்மார் இருவரில் ஒருவர் போலீஸ், ஒருவர் பட்டாளம். இவரும் பட்டாளத்துக்கு ஆளெடுத்தபோது போய் நின்றார். மார்பளவு அரை அங்குலம் குறைந்தது. எட்டு வருஷம் லாரியில் போய்விட்டு, குற்றாலத்துக்கு மேலேயிருக்கும் கிராம்புத் தோட்டத்தில் டிரைவராகச் சேர்ந்தார். சேர்ந்த அன்றுதான் ஜீப்பும் வந்தது. அதிலிருந்து வீட்டுக்கும் தோட்டத்துக்குமாகப் போய்வருவதே பிழைப்பு. வீட்டிலிருந்து, தோட்டத்து எல்லையில் பாதைக்குக் குறுக்கே கட்டியிருக்கும் சங்கிலிவரை பதினொன்றேகால் கிலோமீட்டர் தார்ச்சாலை. சங்கிலிக்கு அப்பால் ஆறரைக் கிலோமீட்டர் தோட்டத்துக்குச் சொந்தமான பாதை. அது பாதை என்பதே உபசாரம். பாறை, வேர், அருவி ஒதுக்கிய சரளை. அதில் வேறு வண்டி ஏறியதில்லை.

குற்றாலத்துச் சாரல் நனைக்கிற மழை அல்ல, ஊறவைக்கிற மழை. ஆனியிலிருந்து ஆவணிவரை இரும்பு காய்வதே இல்லை. ஆகையால் உச்சிமாகாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். சித்திரை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுப்பார். சேசிஸ் என்கிற அடிச்சட்டம் முழுவதையும் வெள்ளிப் பாத்திரம்போல மினுங்கும்வரை உப்புத்தாளால் தேய்ப்பார். ஒரு பூச்சு ரெட் ஆக்சைடு, அதன்மேல் ஒரு பூச்சு கறுப்பு. 1990 முதல் 2024 வரை முப்பத்தைந்து முறை. அப்பா இறந்த வருஷம்கூடப் பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் சாக்கை விரித்துவிட்டார். வலப்புற முன்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் சேறு அதிகம் அடிக்கும் என்பதால் அங்கே மட்டும் கூடுதலாக நாலு இழுப்பு.

சேசிஸ் எண் பொறித்திருந்தது அந்த இடத்தில்.

2024 ஜூன் 13-ஆம் தேதியோடு வண்டியின் பதிவு முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம். 10-ஆம் தேதி திங்கட்கிழமை ஜீப்பை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். ஆய்வாளர் கிறிஸ்டி முப்பத்தைந்து வயதுப் பெண். விளக்கு, ஹாரன், பிரேக்கு எல்லாம் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சேசிஸ் எண்ணைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கக் குனிந்தார். காகிதத்தில் வெறும் கரிதான் ஏறியது.

"ஐயா, பெயின்ட்ட சுரண்டிட்டு நாளைக்கு கொண்டாங்க. மத்தபடி வண்டி எங்க ஆபீஸ் வண்டிய விட நல்லாருக்கு."

அன்று மத்தியானமே தென்காசியில் முகம்மது யூசுப்பின் பட்டறையில் வண்டி நின்றது. யூசுப் இருபத்தேழு வருஷமாக அந்த ஜீப்பின் மெக்கானிக். தின்னரில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்கக் கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று தோல் தோலாக வந்தது. ஓரிடத்தில் பச்சைகூட எட்டிப்பார்த்தது. அது 1993, கடையில் கறுப்பு தீர்ந்துபோன வருஷம். கடைசியில் இரும்பு தெரிந்தது. எழுத்துகள் இருந்தன, கடைசி மூன்றைத் தவிர. அந்த இடம் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது.

யூசுப் விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணாச்சி, துரு தின்னத விட நீங்க தின்னதுதான் அதிகம்."

"நான் காப்பாத்தத்தானே பாய் தேச்சேன்."

"அதான் சொல்லுதேன். எஞ்சினு ரெண்டு தடவ உள்ள பூரா மாத்தியாச்சு. கியர்பெட்டி வேற. பாடி வேற. ஆக்சில் வேற. இன்னும் முப்பது வருஷம் ஓட்டணும்னாலும் நான் ஓட்டித் தருதேன். எண்பத்தொம்பதுல வந்ததுன்னு சொல்ல இந்த அடிச்சட்டம் மட்டுந்தான் மிச்சம். அதுலயும் பேர அழிச்சிட்டு வந்து நிக்கிய."

மறுநாள் கிறிஸ்டி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வேண்டுமென்று அழித்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதையே எழுதியும் வைத்தார். ஆனால் எண் தெரியாத வண்டிக்குக் கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. செய்த கம்பெனியின் பதிவேட்டைக் கேட்டு எழுத வேண்டும், அழிந்த எழுத்தை நிபுணர் பார்க்க வேண்டும். மாதங்கள் ஆகும். உறுதியானால் புதுப்பிக்கலாம்; ஆகாவிட்டால் பதிவு ரத்து.

"அதுவரைக்கும் ரோட்ல ஓட்டக்கூடாதுங்கய்யா. பதிமூணு ராத்திரி வரைக்குந்தான்."

"ரோடு இல்லாத எடத்துல ஓட்டலாமா மேடம்?"

கிறிஸ்டி சிரித்தார். "ரோடு இல்லாத எடத்துக்கு எங்கள்ட்ட எதுக்கு கேக்கீங்க?"

12-ஆம் தேதி புதன்கிழமை காலை உச்சிமாகாளி ஜீப்பைத் தோட்டத்துக்கு ஏற்றினார். சங்கிலியைத் தாண்டியதும் இறங்கிப் பூட்டினார். மேலே மேகம் பாதைவரை இறங்கியிருந்தது. ஜீப் அதற்குள் போனது.

அதன்பிறகு அந்த ஜீப் கீழே வரவில்லை. இவர் காலையில் பஸ்ஸிலும் நடையிலுமாகச் சங்கிலிக்கு வருவார். வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவார். மங்குஸ்தான் கூடைகளோடு சங்கிலிவரை வந்து, அங்கே நிற்கும் ஆட்டோவில் மாற்றுவார். பொழுது சாய்வதற்குள் வண்டியைச் சங்கிலிக்குச் சற்று உள்ளே இருக்கும் சரக்குக் கிட்டங்கியில் விட்டுவிட்டு நடந்தே இறங்குவார்.

பெண்களுக்குத் தலைவி இசக்கிசெல்வி. அவள் வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, போலீஸ்காரன் தம்பி ஓட்டுத வண்டி, இப்படித் தலைமறைவா திரியுதே."

"தலைமறைவுன்னா சத்தம் வராதுட்டி. இது அச்சன்புதூருக்கே கேக்கும்."

ஆடி முழுக்க வெயில் வந்தது நான்கு நாள். மற்ற நாட்களில் மேகம் வலப்பக்கம் நுழைந்து, பெண்களின் முகத்தை ஈரமாக்கி, இடப்பக்கம் வெளியேறும். பத்தடிக்கு அப்பால் மரங்கள் இருக்கின்றனவா என்பது போகப்போகத்தான் தெரியும். மத்தியானம் கூடை நிரம்பும்வரை உச்சிமாகாளி ஜீப்பின் பின்பலகையில் கண்ணயர்வார். அந்தத் தூக்கத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். முப்பத்தைந்து வருஷமாக ஏறியவர்கள் எல்லோரும் நெருங்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள்: பழைய முதலாளி, பிரசவ வலியோடு இறங்கிய ஒரு பெண், காட்டுப்பன்றி முட்டிய காவல்காரர். ஒருவரும் பேசமாட்டார்கள். ஓட்டுகிற இடம் காலியாக இருக்கும். வண்டி வளைவுகளைத் தானே திரும்பும். விழித்தால் கிராம்பிலையிலிருந்து நீர் சொட்டும் ஒலி. என்ஜின் மூடியில் கைவைத்துப் பார்ப்பார். சூடு இருக்கும். தான் தூங்கியது எவ்வளவு நேரம் என்று அதை வைத்துக் கணக்கிடுவார்.

ஆபீஸிலிருந்து முதல் கடிதம் ஜூலை 2-ஆம் தேதி வந்தது: கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது ஆகஸ்ட் 21: பதிவேடு கிடைத்தது, படங்களை நிபுணருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் மனைவி உமாராணி சாயங்காலம் காப்பியோடு நீட்டினாள். இரண்டாவதைப் படித்துவிட்டு அவர் ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

"ஒருவேள இல்லன்னு வந்துட்டா?" என்றாள் உமாராணி.

"இரும்புக் கடையில நேத்தே கேட்டுட்டான். நாப்பத்தஞ்சாயிரம் தாரானாம்."

"குடுப்பீங்களா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஐப்பசி பிறந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, தபால்காரர் பதினொன்று இருபதுக்கு வந்தார். உமாராணி உறையைப் பிரித்தாள், படித்தாள், அடுப்பை அணைத்தாள். மேலே போன் எடுக்காது. ஆட்டோ பிடித்துச் சங்கிலிக்கு வந்து, குனிந்து நுழைந்து நடந்தாள். முதுவேனிலில் இரண்டு முறை அந்தப் பாதையில் போயிருக்கிறாள். மேகத்துக்குள் இதுவே முதல் தடவை. இரண்டு கிலோமீட்டர் ஏறியபோது சத்தம் முதலில் வந்தது, பிறகு மஞ்சளாக இரண்டு விளக்கு, பிறகு ஜீப்.

உச்சிமாகாளி நிறுத்தினார். அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "என்னட்டி சொல்லுதான்?"

"உறுதி செய்ய முடியலயாம். பதிவ ரத்து பண்ணிட்டாங்க. நம்பர் பிளேட்டு ரெண்டையும் ஒப்படைக்கணும். உடைக்கப் போட்டா அதுக்குத் தனியா ஒரு பாரம் எழுதிக் குடுக்கணும். இல்ல, ரோட்டுக்குக் கொண்டாறதில்லன்னு எழுதிக் குடுத்து சொந்த எடத்துல வச்சுக்கலாம்னு போட்டிருக்கு. தோட்டத்துல சம்மதக் கடுதாசி வாங்கணுமாம்."

"இனி ரோட்டுக்கே வர முடியாது."

"வர முடியாது."

அவர் என்ஜினை அணைக்கவில்லை. இறங்கி, டூல்பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து முன்னால் குந்தினார். திருகாணிகள் நாலும் சுலபமாக வந்தன. வருஷாவருஷம் எண்ணெய் விட்டவை. பின்பக்கமும் நாலு. எட்டையும் உமாராணியின் உள்ளங்கையில் போட்டார். பிளேட் இருந்த இடம் மட்டும் புதுசாக மின்னியது.

"யூசுப் பாய் இன்னும் முப்பது வருஷம்னு சொன்னாரே," என்றாள் அவள்.

"ஆமா. அவரு ஓடும்னுதான் சொன்னாரு. எங்கன்னு சொல்லல." ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "ஏறு. சங்கிலி வரைக்கும் கொண்டு விடுதேன்."

அவள் முன்னிருக்கையில் ஏறி, பிளேட் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் இறங்கியது. சங்கிலிக்கு ஒரு முழம் முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார். கீழே தார்ச்சாலையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் இறங்கிக் குனிந்து அப்பால் போனாள். அவர் வண்டியைத் திருப்பினார். மேகத்துக்குள் சத்தம் தேய்ந்து போகும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

தோட்டத்துச் சம்மதத்தோடு அவர் எழுதிக்கொடுத்த உறுதிமொழியின் நகலில், 'பார்வை' என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு வரி இருக்கிறது: கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த தேதி 18.10.2024.