நாலாய் மடித்த துண்டு

பேத்தி வளர்க்கும் பூனை நேற்று மத்தியானம் என் மடியில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு விட்டதா என்றால் இல்லை. முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி ஊன்றி, சப்பாத்திக்கு மாவு பிசைகிற மாதிரி என் வேட்டியைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. நகம் தொடையில் இறங்கியது. தள்ளிவிடக் கையைத் தூக்கினேன்.

"தள்ளாதீங்க தாத்தா, அதட்டவும் கூடாது," என்றாள் பேத்தி. "குட்டியா இருக்கப்ப அம்மா வயித்த இப்படி அமுக்கி அமுக்கித்தான் பால் குடிக்கும். வளந்த பெறகும் மனசு நிம்மதியா இருந்தா அதையே பண்ணுமாம். துண்ட நாலா மடிச்சு மடியில போட்டுக்கங்க, குத்தாது. நக நுனிய நான் அப்பப்ப வெட்டிவிடுறேன். போதும்னா மெதுவா எடுத்துப் பக்கத்துல விடுங்க. டாக்டர் சொன்னாங்க."

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். துண்டை நாலாய் மடிப்பது என்று கேட்டதுமே எனக்கு மல்லிகைப்பூ வாசம் அடித்தது. வீட்டில் பூவே கிடையாது. கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பீர்கள். இருங்கள், சொல்கிறேன்.

அப்போது புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு டவுனில் ஒரு ஆபீசில் குமாஸ்தா வேலை. திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் வாடகை வீடு. நான், என் மனைவி பாக்கியம், என்னைப் பெற்ற ஆத்தா என்று மூன்றே பேர். கல்யாணமான புதிதில் தினமும் சாயங்காலம் கோயில் வாசல் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன். இதற்காக ஆபீசில் என்னைப் பூக்குமாஸ்தா என்று கூப்பிடுவார்கள். முறைப்பேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

முதல் பிள்ளை பெண். பதினெட்டு நாள் இருந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். திரும்பும்போது துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தோம். முப்பதாம் நாள் பேர் வைப்பதாக இருந்தது. பேர்கூட இல்லாமல் போய்விட்டது.

பிள்ளை போய்விட்டது, பால் போகவில்லை. பாக்கியத்துக்கு மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் கண்டுவிட்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். ஆத்தா என்னைத்தான் பூவுக்கு அனுப்பினாள். நான் பந்து பந்தாக வாங்கியதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இம்புட்டுப் பூவு? வீட்ல விசேஷமா?" என்று பூக்காரி சிரித்தாள். "ஆமாங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்னத்தைச் சொல்ல? வீடு பூராவும் கல்யாண வீட்டு வாசம். அதற்கு நடுவில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அன்றோடு மல்லிகை வாங்குவதை நிறுத்தினேன், இன்றுவரை வாங்கியதில்லை.

அந்த வாரத்தில்தான் கொல்லையில் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. சாம்பல் நிறம். தாய் என்ன ஆனதோ தெரியாது. யாரோடும் பேசாமல் கிடந்த பாக்கியம் எழுந்து போய் அதைத் தூக்கி வந்தாள். பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டினாள். வயிறு நிறைந்ததும் அது அவள் மடியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, கர்கர் என்று சத்தம் போட்டபடி பிசையும். முதல் நாள் அவள் வயிற்றில் ஒரே கீறல். மறுநாள் என் துண்டை எடுத்து நாலாய் மடித்து மடியில் போட்டுக்கொண்டாள். எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

"குத்தலையா?" என்று கேட்டேன்.

"குத்துது. ஆத்தாவத் தேடுதுங்க அது," என்றாள்.

பிள்ளை போனபிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஒரு பேர் வையேன் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்று நான்கு மாதம் இப்படிப் போயிற்று. குட்டியும் பூனையாகிவிட்டது. ஒருநாள் பாக்கியம் படுத்திருந்த பாயில், அவள் வயிற்றை ஒட்டி அது பிசைந்துகொண்டிருந்தது. ஆத்தா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாத்தியாடா, குழி பறிக்குது. ஒண்ணு மண்ணுக்குப் போனது பத்தாதா? இவளுக்கும் பறிக்குது. எங்கிட்டாவது கொண்டுபோயி விட்டுட்டு வா."

ஆத்தாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மருமகளுக்குக் கஞ்சி ஊற்றியவளும் தலை சீவிவிட்டவளும் அவள்தான். அவளுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம். பிள்ளைக்குக் குழி பறித்தபோது பக்கத்தில் நின்றவன் நான். சின்னக் குழி என்பதால் கடைசியில் கையாலேயே மண்ணை வாரி எடுத்தார்கள். ஆத்தா சொன்னபிறகு பூனையின் கால் இரண்டும் எனக்கு அந்தக் கைகளாகவே தெரிந்தன. பாக்கியம் அப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். இவளும் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று நடுங்கினேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன்தான், என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளத்துக்குக் குளிக்கப் போயிருந்த நேரத்தில், பருத்திக்கொட்டைச் சாக்கில் பூனையைப் போட்டுக் கட்டிக்கொண்டு திருச்சி பஸ்ஸில் ஏறினேன்.

"சாக்குல என்ன சார்?" என்றார் கண்டக்டர்.

"கோழிங்க."

"கோழியா? மியாவுங்குது," என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. நானும் வெட்கங்கெட்டுப்போய்ச் சிரித்துவைத்தேன்.

நார்த்தாமலை விலக்கில் இறங்கி மலைப்பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தேன். பூனையை விடுமுன் சாக்கை மூன்று சுற்றுச் சுற்றவேண்டும், அப்போதுதான் அதற்குத் திசை மறக்கும் என்பார்கள். சாக்கை மட்டும் சுற்றத் தெரியாமல் நானும் அதோடு சேர்ந்து சுற்றிவிட்டேன். தலை கிறுகிறுத்து, ரோடு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் பாறையில் உட்கார்ந்தேன். வாயவிழ்ந்த சாக்கிலிருந்து பூனை வெளியே வந்தது. ஓடவில்லை. நேரே என் மடியில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, பிசைய ஆரம்பித்தது.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? இறக்கிவிட்டேன். திரும்பவும் ஏறியது. மறுபடி இறக்கிவிட்டு, சாக்கையும் அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"பூனையப் பாத்தீங்களா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"அங்கிட்டு எங்கயாச்சும் போயிருக்கும், வரும்," என்றேன்.

சரி என்றாள். அன்று சாயங்காலம் கொட்டாங்கச்சியில் பால் ஊற்றிக் கொல்லைப் படியில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். இப்படி இரண்டு மாதம். காலையில் எறும்பு மொய்த்த பாலை அவள் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குக் கிளம்புவேன். சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைப்பேன். வாய் வராது.

அடுத்து மகன் பிறந்தான், பிழைத்து நின்றான். அவனுக்கு ஒரு வயது இருக்கும்போது திருச்சிக்கு பஸ்ஸில் போனோம். நார்த்தாமலை விலக்கில் பஸ் நின்றது. மடியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இங்கனதானே விட்டீங்க?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"பஸ்ல ஒரு ஆளு சாக்குல பூனையக் கொண்டுக்கிட்டுப் போயி இங்க எறங்குனத ஊரே சிரிச்சுச்சு. நம்ம வீட்ல சாக்கையும் காணோம்."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் எதுக்குப் பால் வச்ச?"

"திரும்பி வந்தாலும் வரும்ல," என்றாள்.

அவ்வளவுதான். ஏன் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறோம். மலை வந்து, மறைகிறவரைக்கும் அவள் ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பமாட்டாள். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவேன்.

பாக்கியம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆத்தா எப்போதோ போய்விட்டாள். திருக்கோகர்ணத்து வீட்டை இடித்து மேலே மேலே கட்டிவிட்டார்கள், கொல்லைப் படி இருந்த இடத்தில் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள். ரோடு அகலமாகிவிட்டது. பஸ் போகிற வேகத்தில் நார்த்தாமலை வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. சொல்லவேண்டியதை நான் சொல்லவே இல்லை. கேட்டுக்கொள்ள இருந்தவள் ஒருத்திதான்.

நேற்று அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து, நாலாய் மடித்து மடியில் போட்டுக்கொண்டேன். பூனை அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது. திரும்பி வந்தாலும் வரும் என்று, விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் துண்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.