குதிரையாகிப்போன அம்மா

பகலில் பேக்கரியில் மாவு பிசைந்த லூக்காஸ், ஏழு வருடங்களாகக் கொலோனில் கௌபாய் பாட்டுகள் பாடும் ஒரு கன்ட்ரி இசைக்குழுவுக்கு ஜெர்மனில் பாட்டெழுதிப் பாடிவந்தான். 2006இல், சொந்த ஊரான பேசாலையில் தான் இல்லாமலே அடக்கம் செய்யப்பட்ட அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான்.

கோடை விழாவில் அதைப் பாடியவன் குழுத்தலைவன் டீற்றர். லூக்காஸின் தலையில் செவ்விந்தியர் இறகுகளைச் செருகி, பின்னால் மேளம் தட்ட விட்டிருந்தார்கள். பாட்டில் பேசாலை டெக்சாஸ் ஆகியிருந்தது. அம்மா குதிரையாகியிருந்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

இறகுகளைக்கூடக் கழற்றாமல் மனைவி சுஜீவாவிடம் வந்தான்.

“அம்மாவைக் குதிரையாக்கிப்போட்டான், பாத்தியே?”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“டீற்றர் போன கிழமையே என்னட்டைக் கேட்டவர். ‘அவர் ஒண்டும் சொல்லமாட்டார், மாத்துங்கோ’ எண்டு நான்தான் சொன்னனான்.”