சாய்த்துக் குத்திய கம்பி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மலைமேல் இருந்த வனத்துறைக் குடியிருப்பில் அவர் பெயர் ஒருசாண். ஆள் குள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த வாசல் நிலையிலேயே தினமும் நெற்றியை இடித்துக்கொள்ளும் உயரம். எந்தச் சரிவில் நின்றுகொண்டு, “மண்ணு எவ்வளவுண்ணே?” என்று கேட்டாலும் “ஒரு சாண்” என்பார். அந்த மலையில் வேறு பதிலே கிடையாது. சொன்ன பதில் சொன்னவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

மண்ணின் ஆழம் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. இடுப்புயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்கே ஒரு பிடி. கம்பியை நேராக நிறுத்தி உடம்பின் பாரத்தை அதன்மேல் போடவேண்டும். முதலில் ‘புஸ்’ என்று இறங்கும்; அது இலை மக்கிய கறுப்பு மண். அடுத்து ‘சரக்’ என்னும். அது உடைந்த கல்லும் மண்ணும் கலந்தது. அப்புறம் ‘டங்’. பாறை. அவ்வளவுதான் கதை. மலைக்குச் சதை ஒரு சாண், மிச்சமெல்லாம் எலும்பு.

மழை பெய்தால் அந்த மண் வாய் நனைப்பதற்குள் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். இரண்டு வெயில் அடித்தால் சுட்ட ஓடாகக் காய்ந்துவிடும். கீழே போக வழியில்லாத மரங்கள் வேரைப் பக்கவாட்டில் விரித்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நெரிசலான பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காதவன்கூட விழுவதில்லையே, அந்த மாதிரி. கூட்டத்தை விட்டுத் தனியாக நிற்கும் மரத்துக்குத்தான் கண்டம். பெருங்காற்றில் பானை மூடி திறந்துகொள்வதுபோல் வேரும் மண்ணுமாக எழும்பிச் சாயும். அடியில் எட்டிப்பார்த்தால் கழுவிவைத்த பாறை இருக்கும்.

முழங்கால் ஆழத்துக்குக்கூடக் குழி வெட்ட முடியாத ஊரில் செத்தவர்களுக்கும் இடமில்லை. ஒருசாணின் மனைவி காய்ச்சலில் போனபோது ஜீப்பில்தான் கீழே கொண்டுபோனார்கள். சமவெளி மண்ணில் ஆளுயரக் குழி வெட்டினார்கள். மண்வெட்டி எங்கேயும் ‘டங்’ என்று சொல்லாமல் இறங்கிக்கொண்டே போனதைப் பார்த்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.

மலைமேல் அவள் விட்டுப்போனது ஒரு மரம். அவள் நட்டதுகூட இல்லை. பின்வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி தானாக முளைத்த கன்றுக்குப் பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அது சோற்றுப் பருக்கை தின்று வளர்ந்த பிள்ளை மாதிரி கூரையைத் தாண்டிவிட்டது. இப்போது ஒருசாண் ஊற்றினார். ஊற்றும்போது பேச்சும் உண்டு.

“என்னடி, நேத்துத் துவைச்ச சட்டை. உன் வீட்டுப் பறவைக்கு எச்சம் போட வேற இடமே கிடைக்கலையா?”

மரம் சலசலக்கும். அவளும் அப்படித்தான், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லமாட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் வீடுகளை ஒட்டிய மரங்களைச் சோதிப்பது வழக்கம். சுற்றிலும் நாலு பக்கம் கம்பியைக் குத்தி, மண் போதவில்லை என்றால் மரத்துக்குச் சிவப்பு வளையம் பூசுவார்கள். வளையம் பூசிய மரம் வெட்டுப்படும். பிறர் வீட்டு மரங்களுக்கு ஒருசாண் கை நடுங்காமல் எத்தனையோ வளையம் போட்டிருக்கிறார். அந்த வருடம் ரேஞ்சர் அவருடைய பின்வாசலில் வந்து நின்றார்.

“இது கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கே. கீழ வேற டிரைவர் வீடு. குத்திப் பாருங்க.”

சரிவில் இந்த மரத்துக்கு நேர் கீழேதான் ஜீப் டிரைவரின் ஒற்றை அறை. அவன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு புதிதாகக் குடிவந்திருந்தான்.

கம்பியைச் சாய்த்துக் குத்தினால் அது பாறைமேல் வழுக்கிக்கொண்டு கறுப்பு மண்ணுக்குள்ளேயே படுத்தபடி போகும். ஒரு சாண் மண்ணும் இடுப்பளவு காட்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் செய்கிற தப்பு அது. “படுக்கவச்சு அளந்தா பாம்புகூடப் பனைமரம்தான்டா!” என்று அவர்களை ஊரே சிரிக்கும்படி கேலி செய்தவர் ஒருசாண். அன்றைக்கு ரேஞ்சர் போனில் பேசிக்கொண்டே திரும்பிய நேரம் பார்த்து, அவரே பாம்பைப் படுக்கவைத்தார். நாலு பக்கமும் கம்பி பிடிவரை இறங்கியது.

ரேஞ்சர் திரும்பிப் பார்த்தார். “இவ்வளவு ஆழமா? உங்க வாயில ஒரு சாணுக்கு மேல நான் கேட்டதே இல்லையே!”

“எனக்கே ஆச்சரியமா இருக்கு சார்” என்றார் ஒருசாண். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மறுநாள் டிரைவரின் பெண்டாட்டி கயிற்றோடு ஏறி வந்தாள்.

“அண்ணே, பிள்ளைத் துணி காயப்போட இடமே இல்ல. இந்த மரத்துல கொடி கட்டிக்கிறேன். விழுமோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்களே ஆழம் பாத்துச் சொல்லிட்டீங்களாம், இனி கவலையில்லன்னு அவர் சொன்னாரு.”

“கட்டிக்கோம்மா” என்றார். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

முதல் மழை வந்தது, கூடவே காற்றும். ஒருசாண் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் மரத்துக்கு மேல்பக்கம் போய் நின்றார். தரையைப் பார்த்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் இலைச்சருகு மூடிய மண் மெல்ல எழும்பியது, காற்று நின்றதும் அமர்ந்தது. தூங்குகிறவரின் நெஞ்சு மாதிரி. ஒரு காலை அதன்மேல் வைத்தார். மண் அவர் பாதத்தைத் தூக்கிவிட்டு இறக்கியது. கடைசி நாட்களில் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும், ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே கொடியில் பிள்ளைத் துணி நனைந்து ஆடியது.

டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி, மூவரையும் வனத்துறைக் கிடங்குக்குப் போகச் சொன்னார். ஏன் என்று கேட்ட டிரைவரிடம், “நான் சொன்னது பொய்யி. பிள்ளைய எடு, நட” என்றார். அங்கிருந்து நேராக ரேஞ்சர் அலுவலகம். ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்.

“சார், என் வீட்டு மரம். சாய்ச்சுக் குத்திட்டேன்.”

ரேஞ்சர் பேனாவை மூடிவைத்தார். “நேராக் குத்தினா எவ்வளவு?”

“ஒரு சாண்.”

ரேஞ்சர் திட்டினார். திட்டவேண்டிய அளவு திட்டினார். முடித்தபிறகு, “வளையம் வேற யாரையாவது பூசச் சொல்லவா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். அவளுக்குப் புது ஆளுங்க தொட்டா பிடிக்காது.”

மரத்தைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா என்று ரேஞ்சர் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்.

மழை விட்ட அன்று ரம்பக்காரர்கள் வந்து, கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். அடிக்கட்டையைத் தோண்டவில்லை, அதன் வேர்தான் அந்த ஒரு சாணையும் பிடித்து வைத்திருந்தது. சாயங்காலம் பின்வாசல் வழியாக வெளிச்சம் அறைக்குள் புகுந்தது. சுவரில் எண்ணெய்க் கறை, மூலையில் ஒட்டடை, கட்டிலில் ஒரே ஒரு தலையணை, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன. காற்று கூரைமேல் சத்தமில்லாமல் போனது. வாய்க்குள் வந்த பேச்சை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஒருசாண் விழுங்கினார்.

சாப்பிட்ட தட்டைக் கழுவி, தண்ணீரைக் கொண்டுபோய் அடிக்கட்டையைச் சுற்றி ஊற்றினார். ஒரு தட்டு கழுவின தண்ணீர் எவ்வளவு இருக்கும்? ஊற்றியது தெரிவதற்குள் தீர்ந்துவிட்டது.

“வெட்டின மரத்துக்கு யாராவது தண்ணி ஊத்துவாங்களா?” டிரைவரின் பெண்டாட்டி கயிற்றோடு நின்றிருந்தாள். அந்தப் பொய்க்காக அவரோடு பேசாமல் இருந்தவள், இப்போதுதான் வாய் திறந்தாள்.

“மண்ணுக்கு ஊத்துறேன். இருக்கறதே ஒரு சாண்.”

“கொடிக்குக் கம்பம் நடலாம்னு அவரு குழி தோண்டினாரு. கையில காப்புக் காச்சதுதான் மிச்சம்.”

“இங்க கம்பம் நிக்காதும்மா.”

“தெரியுது. நேராவே சொல்லிட்டீங்க” என்றவள், அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் கயிற்றின் முனையை அவருடைய ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனை ஏற்கெனவே அவள் வீட்டு ஜன்னலில் இருந்தது.

மறுநாள் காலையில் ஒருசாண் ஜன்னலைத் திறந்தார். ஈரமான குட்டிச் சட்டை ஒன்று சொத்தென்று முகத்தில் அறைந்தது.

“என்னடி இது...” என்று பழக்கத்தில் ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

“என்னண்ணே?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்லம்மா. சட்டைய நல்லாப் பிழியலையோன்னு கேட்டேன்.”