திரைக்கு அந்தப் பக்கம் முதலாளி

பிசியோதெரபி கிளினிக்கில் படுத்துக்கொண்டு இடது கையால் இதை டைப் செய்கிறேன். வலது தோளில் பேட் ஒட்டி கரண்ட் மெஷினை ஓடவிட்டிருக்கிறார்கள். தறியில் நாடா எறிந்து எறிந்து வந்த வலி.

இன்றைக்குத் தறியில் உட்காரவில்லை என்று முதலாளியிடம் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கும் எனக்கும் நடுவே ஒரு திரைதான். அங்கே இடுப்பு வலிக்காரர் ஒருவர் போனில் பேசினார்.

"கவலையே படாதீங்கமா. தறிகிட்டதான் நின்னுக்கினு இருக்கேன். உங்க பொண்ணு முகூர்த்தப் புடவைக்கு முந்தி ஓடிக்கினு இருக்குது."

முதலாளியின் குரல்! அந்தப் புடவை என் தறியில் இருக்கிறது. முந்தியை இன்னும் தொடவே இல்லை.

எழுந்து ஓடலாம் என்றால் உடம்பெல்லாம் ஒயர்.

அடுத்த நிமிடம் என் போன் சத்தமாக அடித்தது. அவர்தான். அவசரமாக கட் செய்தேன். திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

தெரபிஸ்ட் பெண் எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் அசையாம படுங்கண்ணா, பேட் கழண்டுக்கும். இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

அவர் இருமினார். நானும் இருமினேன்.

மெஷின் நின்றதும் திரையை யார் முதலில் விலக்குவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்ட் போடுங்கள். என்னால் முடியாது, அவராலும் முடியாது என்றுதான் தோன்றுகிறது.