ஜீப்பில் ஓர் இடம்

எஸ்டேட் பிள்ளைகளை டவுனில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கு ஏற்றிப் போகும் ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். வண்டி என்னுடையது இல்லை, முதலாளி டவுனில் இருக்கிறார். போடிமெட்டு ரோட்டிலிருந்து கேரளப் பக்கம் பிரிந்து மேலே ஏறினால் எங்கள் லயங்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். மஞ்சு விலகும் முன்பே அங்கே நின்று ஹாரன் அடிப்பேன். டை கட்டிய பிள்ளைகள் தூக்கம் கலையாமல் வந்து ஏறும். இரண்டாவது வளைவில் யாராவது ஒருவர் வாந்தி எடுப்பது வழக்கம். அதற்கென்றே சீட்டுக்கு அடியில் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன்.

வாந்தியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வண்டிக்குள் இருக்கும் அமைதியைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கூடத்து மிஸ் ஒருத்தர் என்னைக் கூப்பிட்டு, ஜீப்பில் ஏறியதிலிருந்தே பிள்ளைகள் இங்கிலீஷ்தான் பேச வேண்டும், தமிழ் பேசாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இதை மலையாளத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கிளட்ச், பிரேக், ரிவர்ஸ். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் வராது. அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். லயத்து வாசலில் கத்திக் கூப்பாடு போடுகிற அதே பிள்ளைகள், என் வண்டியில் ஏறினால் துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள்.

என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வயது வந்தபோது எனக்கு இதுதான் கண் முன்னால் நின்றது. அவள் பெரிய வாயாடி. கோழியோடு பேசுவாள், தண்ணீர்க் குழாயோடு பேசுவாள், தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். அவளை அந்த ஜீப்பில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. லயத்துக்குக் கீழேயே அரசாங்கத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. நானும் என் மனைவியும் படித்த பள்ளி. நடந்தே போய்விடலாம்.

மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்.

"நானும் இங்க அஞ்சாப்பு வரைக்கும் நல்லாத்தான் படிச்சேன். ஆறாப்புக்கு வெளிய போனா எல்லாம் மலையாளம். ஒண்ணும் புரியாம ஒரு வருசம் உக்காந்துட்டு வந்து கூடையைத் தூக்கிட்டேன். இவளும் தூக்கணுமா?"

பதில் இல்லாத இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கும் வந்தது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

மே மாதத்தில் தமிழ்ப் பள்ளி டீச்சர் லயம் லயமாக ஏறி வந்தார். இது வருஷா வருஷம் நடப்பது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று எல்லா அரசுப் பள்ளியிலும் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு இருக்கும் பிள்ளைகள்தான் கணக்கு. ஆள் குறைந்தால் வாத்தியார் வேலை போகும், வகுப்பு போகும். அதனால் டீச்சர்மார் கோடை லீவில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்காவது பின்னால் நாலு பேர் இருப்பார்கள். இந்த டீச்சர் ஒற்றை ஆளாகக் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வந்தார். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் ஆளில்லை என்றால் தமிழ்ப் பள்ளியையே எடுத்துவிடுவார்கள் என்றார்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூடினோம். எங்கள் லயத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை வைத்திருந்தவை ஐந்து வீடுகள். பள்ளியை விடக்கூடாது, ஐந்து பிள்ளைகளும் இங்கேதான் என்று முடிவாயிற்று. சும்மா பேச்சில் விட்டால் நிற்காது என்று யாரோ சொல்ல, தரையில் கற்பூரம் ஏற்றி ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். எங்கள் பக்கம் கற்பூரம் அடித்த சத்தியத்துக்கு மேல் சத்தியம் கிடையாது. மனைவி தள்ளி நின்று பார்த்தாள். மற்ற வீடுகளும் வருகின்றன என்றதும் அவள் மனசும் கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் ஆள் வொர்க்‌ஷாப்பில் வந்து என்னைப் பிடித்தான். ஜீப்பில் அவன் மகனுக்கு ஓர் இடம் வேண்டுமாம். கற்பூரம் அடித்தாயே என்றேன். "எம்புள்ள ஒருத்தன் வராட்டி என்னண்ணே, மத்த நாலு பேரு இருக்காங்கல்ல, பள்ளிக்கூடம் நடக்கும்" என்றான். இரண்டாவது ஆள் டீக்கடையில் வைத்து இதையே சொன்னான். மூன்றாவது வந்தது ஒரு பெண், என் மனைவியோடு ஒரே காட்டில் கொழுந்து பறிக்கிறவள். அவளும் இதையே சொன்னாள். மற்றவர்களிடம் சொல்லிவிடாதே என்று எல்லோரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் பள்ளிக்கூடம் மூடட்டும் என்று நினைக்கவில்லை. மற்றவன் பிள்ளையை வைத்து அது நடக்கட்டும் என்று நினைத்தார்கள். நான் முடியாது என்றுதான் சொன்னேன். அவர்கள் நேராக முதலாளிக்குப் போன் போட்டு இடம் வாங்கிவிட்டார்கள்.

நாலாவது வீடும் போனபோது மனைவி கேட்டாள், இனி நம் பிள்ளை மட்டும் எதற்கு என்று. நான் கற்பூரம் அடித்தவன் என்றேன்.

பள்ளி திறந்த அன்று சரியான மழை. நாலு பிள்ளைகளும் புது ஷூவோடு என் வண்டிக்கு வந்தார்கள். ஏற்றிவிட்ட பெரியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மகளுடைய வகுப்பை நானே ஸ்டியரிங் பிடித்து மலை இறக்கினேன். ஏற்றிவிட்ட பெரியவர்கள் நாலு பேரையும் நிற்க வைத்து அறையலாம் போல இருந்தது. அறைந்து என்ன, நாளைக்கும் அதே வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.

மகள் ஒன்றாம் வகுப்பில் தனியாக உட்கார்ந்தாள். மேல் வகுப்புகளில் இரண்டு மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான். அவளுக்கு அது ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. டீச்சர் முழுக்க அவளுக்கே கிடைத்தார், மூச்சு விடாமல் பேசினாள். தலை எண்ண ஆள் வந்த அன்று எழுந்து நின்று, "நாளைக்கு எல்லாரும் வந்துருவாங்க சார்" என்று அவளாகவே சொன்னாளாம். டீச்சர் இதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டார்.

மழை குறைவதற்குள் உத்தரவு வந்தது. தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிட்டார்கள், டீச்சரை மறையூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மிச்சப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்குப் போகலாம் என்றார்கள். அது அடுத்த மலையில் இருக்கிறது, நடுவில் காடு, யானை இறங்கும் இடம். வேறு வழியில்லாமல் முதலாளியிடம் நானும் ஓர் இடம் கேட்டேன்.

அப்போதே சொன்னேனே என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் மகளுக்கு டை கட்டிவிட்டாள்.

மகளை முன் சீட்டில், என் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்க எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டு, தலை எண்ண வந்த சார் கதையை ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பக்கத்து வீட்டுச் சிறுமி சன்னமாகச் சொன்னாள், "ஜீப்புல தமிழ் பேசக் கூடாது. மிஸ் திட்டுவாங்க."

மகள் என் பக்கம் சாய்ந்து, "உங்கிட்டயும் பேசக் கூடாதாப்பா?" என்றாள்.

பின்னால் இருந்த அத்தனை பிள்ளைகளும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்குற வரைக்கும் சும்மா இரு ஆத்தா" என்றேன்.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது வளைவில் வாந்தி வந்தபோதும் அந்தக் கைகளை எடுக்கவில்லை.